தங்கப் பல்லும் சீன வைத்தியரும்

இலங்கைத் தந்த வைத்தியத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், 1954இல் பேராதனைக்குப் பெயர்ந்த பல்கலைக்கழகப் பிரிவைச் சொல்லும்போது, சீனத்தின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்து, தம்மினத்தார் சிலர் சைக்கிளில் துணிமூட்டை சுமந்து விற்க, கொழும்பில் பல் கட்டும் கடை விரித்த குடும்பங்களை மறந்துவிடுவது நியாயமன்று. அக்காலத்துத் தங்கக் கவசமோ, மெல்லிய பொற்றகட்டை உலோக அச்சின்மேல் தட்டி வளைத்து, அதிகம் அராவாத பல்லின்மீது சிமெந்து தடவிச் செருகப்படுவது; விளிம்பு ஈறோடு பொருந்தாமல் உள்ளே சொத்தை வளர்வதும் உண்டு. சிரிக்கையில் மின்னும் அந்தஸ்துக்கு முன் அதை யார் பொருட்படுத்தினார்கள்!

அமெரிக்கரான வில்லியம் டாகர்ட் மெழுகை உருக்கி வார்க்கும் முறையை 1907இல் வெளியிட்ட பின்னரே, வார்த்த உலோகம் பல்லின் வடிவத்தோடு நுட்பமாகப் பொருந்தலாயிற்று. இன்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கவசம் போடச் செல்பவருக்கு, முதல் நாள் விறைக்க ஊசி போட்டு, பல்லைச் சுற்றிலும் அராவி, அச்செடுத்து, தற்காலிக மூடி வைத்து அனுப்புவார்கள். மறுமுறை, நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி, உயர்ந்து இடிக்கும் இடத்தைத் தேய்த்த பின்பே ஒட்டுவார்கள். பெரும்பாலோர் இப்போது கேட்பது தங்கமன்று, பக்கத்துப் பல்லின் நிறமே.