சாந்தினியில் தேறிய போன்

1995 ஜூலை 31 அன்று கல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்கில் இருந்தபடி மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லி சஞ்சார் பவனில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அதுதான். இணைப்பு, மோடி டெல்ஸ்ட்ரா நிறுவனத்துடையது. 1882-லேயே தொலைபேசி நிலையம் கண்ட கல்கத்தாவுக்கு இந்தப் பெருமையும் சேர்ந்தது. ஆனால் நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை கட்டணம். வரும் அழைப்புக்கும் காசு. அந்தக் காலத்துப் போன்கள் தொழிலதிபர்களின் மேஜையில் பத்திரமாக இருந்தன. கீழே விழவும் இல்லை, நனையவும் இல்லை.

2003-ல் வரும் அழைப்பு இலவசமானது. அதன் பிறகுதான் போன் தெருவில் இறங்கியது. எனக்கும் பிழைப்பு வந்தது. கல்கத்தா லேக் மார்க்கெட் பகுதித் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நான், அதே ஊரின் சாந்தினி சவுக் சந்தையில் ஒரு மேஜை, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு லென்ஸ் விளக்குடன் ரிப்பேருக்கு உட்கார்ந்தேன். அதே ஆண்டில் நோக்கியா 1100 வெளிவந்தது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற மாடல் அது.

உறுதியான போன் என்றே விளம்பரப்படுத்தி நோக்கியா விற்றவை வேறு. 2000-ல் வந்த 6250, நீர், தூசி, அடி மூன்றையும் தாங்கும் என்றார்கள். 2002-ல் வந்த 5210-க்கு ரப்பர்போல் கழற்றி மாட்டும் உறை. இவை என் மேஜைக்கு அபூர்வமாகத்தான் வந்தன, வாங்கியவர்கள் கார்க்காரர்கள். மூட்டை தூக்குபவரும் டாக்ஸி ஓட்டுநரும் மீன் வியாபாரியும் கையில் வைத்திருந்தது 1100.

அதன் தகுதிகளை ரிப்பேர்க்காரனாகச் சொல்கிறேன். எடை 86 கிராம். இலேசான பொருள் விழுந்தால் அடி குறைவு. ட்ராமிலிருந்து இறங்கும்போது நழுவினால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் தெறிக்கும். பொறுக்கி மாட்டினால் மறுபடி கைகுலுக்கும் படத்தோடு உயிர் வரும். முதுகில் கை வழுக்காத சொரசொரப்பு. வியர்வைக் கைக்கு அது பெரிய உதவி.

அடுத்தது கீபேட். தனித்தனிப் பொத்தான்களாக இல்லாமல் ஒரே ரப்பர்த் தாளாக முகப்பை மூடியிருக்கும். லேக் மார்க்கெட் மீன்காரர் ஒருவரின் போனை ஒருமுறை திறந்தேன். ரப்பரின் மேல் ரோகு மீனின் செதில்கள் வெள்ளியாய் ஒட்டிக் காய்ந்திருந்தன. அதைத் தூக்கிப் பார்த்தால், அடியில் இருந்த உலோக வில்லைகள் துளி அழுக்கில்லாமல் மின்னின. “என்ன தாதா (அண்ணா), தேறுமா?” என்றார். பல் துலக்கும் பிரஷ்ஷில் தின்னர் தொட்டு, சார்ஜர் ஓட்டையை மட்டும் சுத்தம் செய்தேன். வேலை முடிந்தது.

தண்ணீர் புகாத போன் என்று சொன்னால் பொய். மழைக்காலத்தில் ஆம்ஹர்ஸ்ட் தெருவிலும் தந்தனியாவிலும் முழங்கால் நீர் நிற்கும். மறுநாள் என் மேஜை ஈரப் போன்களால் நிறையும். போர்டில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ஆனால் 1100-ஐத் திறப்பது எளிது. மேல்மூடியைக் கையால் கழற்றலாம், உள்ளே சில திருகாணிகள்தான். துடைத்து, மேஜை விளக்கின் சூட்டில் உலர்த்தினால் பெரும்பாலும் பேசிவிடும். நனையாமல் இருந்ததால் அல்ல, நனைந்த பிறகும் மீட்க முடிந்ததால்தான் அது பிழைத்தது.

1100-ன் டார்ச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எழுபது, எண்பதுகளின் லோட்ஷெடிங் மின்வெட்டைப் பார்த்த ஊர் இது. இருட்டில் மாடிப்படி தேடும் பழக்கம் எங்கள் கால்களுக்கே உண்டு. ஒரு பொத்தானை அழுத்தியதும் போனின் தலையில் வெளிச்சம் வந்ததை இங்கே யாரும் விளையாட்டாகப் பார்க்கவில்லை. கடைக்கு வருபவர்கள் ஸ்பீக்கரைப் பார்க்கும் முன் டார்ச்சைத்தான் எரித்துப் பார்ப்பார்கள்.

குறைகளும் உண்டு. கேமரா கிடையாது, வண்ணத் திரை கிடையாது, இணையம் கிடையாது. ஐம்பது பெயர்தான் சேமிக்கலாம். வியாபாரிகள் மீதியை டைரியில் எழுதி வைத்தார்கள். 2007 ஆகஸ்டில், 1100-ல் போடும் பி.எல்.-5சி பேட்டரிகளில் 4.6 கோடி, சூடேறக் கூடியவை என்று நோக்கியாவே அறிவித்து மாற்றித் தர முன்வந்தது. சாந்தினி முழுக்கப் பேட்டரியின் முதுகைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த எண்ணைப் படித்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடி மறந்து வந்தவர்களுக்கு என் லென்ஸ் விளக்குதான் துணை.

2006-ல் நோக்கியாவின் ஶ்ரீபெரும்புதூர் ஆலை உற்பத்தி தொடங்கியது. அங்கே செய்த செட்டுகள் கைக்கு வரும்போது, கல்கத்தாத் தமிழனான எனக்கு ஊர்ப் பாசம் எட்டிப் பார்க்கும். 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை மூடப்பட்டது. அதற்குள் தொடுதிரை எல்லார் கையிலும் வந்துவிட்டது. இன்றைய போன்களில் பலவற்றைச் சூடுகாட்டிப் பசையை இளக்கினால்தான் திறக்கவே முடியும். பேட்டரி மாற்றுவதே ஒரு ரிப்பேர் ஆகிவிட்டது.

இன்றும் சிலர் பழைய 1100 கேட்டு வருகிறார்கள். வாங்குவதானால் மூன்றைப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் வேண்டாம். சார்ஜர் ஓட்டையில் பச்சை தெரிந்தால் வேண்டாம். கையில் ஜியோ சிம் மட்டும் இருந்தால் வாங்கவே வேண்டாம். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, இந்தப் போனுக்கோ 2ஜி தவிர வேறு எதுவும் தெரியாது.