வினா அமைக்கும் முறை: நீலகிரியில் ரிவர்ஸ் காட்டிய வழி

உள்ளத்தை ஆராய்வது உளவியல். கூட்டு வாழ்க்கையை ஆராய்வது சமூகவியல். மக்களினங்களின் வழக்கங்களை ஆராய்வது மானிடவியல். மூன்றும் நோக்குவது ஒரே மனிதனைத்தான். ஆயினும் ஒவ்வொன்றும் கேட்கும் கேள்வி வேறு. இம்மூன்று வகை வினாக்களையும் ஒருவரே எழுப்பிய வரலாறு, தமிழ்நாட்டு நீலகிரி மலையோடு தொடர்புடையது.

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் (1864–1922) மருத்துவம் பயின்றவர்; கேம்பிரிட்ஜில் சோதனை உளவியல் கற்பித்தவர். 1898-இல் ஹாடன் என்னும் அறிஞரின் தலைமையில், ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஒரு குழு சென்றது. அதில் ரிவர்ஸும் இருந்தார். நாகரிகம் வளராத மக்களுக்குக் கண்பார்வை இயற்கையிலேயே மிகக் கூர்மையானது என்ற எண்ணம் அந்நாளில் ஐரோப்பாவில் பரவியிருந்தது. அவர் அதனை மெய்யென ஏற்றுக்கொண்டு, ‘ஏன் கூர்மை?’ என்று கேட்கவில்லை, ‘கூர்மைதானா?’ என்று கேட்டு அளந்து பார்த்தார். தீவினரின் பார்வை நன்றாகவே இருந்தது. ஆனால் கதைகளில் சொல்லப்பட்ட அளவுக்கு வியப்பானதாக இல்லை. தம் சுற்றுப்புறத்தை நன்கு அறிந்த பழக்கமே அவர்களுக்குத் துணைசெய்தது.

திறமை பரம்பரையாக வருகிறதா என அறியச் சோதிக்கப்பட்டோரின் உறவுமுறை தெரியவேண்டும். அதற்காக அவர் குடிவழிப் பட்டியல்களைத் தொகுத்தார். யார் யாரை மணக்கலாம், சொத்து யாரைச் சேரும் என்பனவும் அப்பட்டியல்களிலிருந்தே விளங்கலாயின. உளவியல் வினா இவ்வாறு சமூகவியல் வினாவாக வளர்ந்தது.

1901–1902-இல் ரிவர்ஸ் நீலகிரித் தோடரிடையே தங்கி அம்முறையையே கையாண்டார். ‘தோடர்கள்’ என்னும் அவருடைய நூல் 1906-இல் வெளிவந்தது. தோடரிடையே அக்காலத்தில் சகோதரர் பலர் ஒரு பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்தது. பிள்ளைக்குத் தந்தை யார்? கருவுற்ற ஏழாம் மாத அளவில் அவளுக்கு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கைச் செய்தவரே தந்தை. வேறொருவர் அச்சடங்கைச் செய்யும்வரை, பின்னர்ப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அவரே தந்தை. ‘பெற்றவர் யார்?’ என்று மட்டும் கேட்டிருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிராது. ‘தந்தை என்று இம்மக்கள் யாரைக் கொள்கின்றனர்?’ என்பதே மானிடவியல் வினா.

அவருடைய முறையில் மற்றொரு சிறப்பும் உண்டு. ‘உங்கள் மணவிதி என்ன?’ என்று அவர் பொதுப்படக் கேட்கவில்லை. இன்னாரை மணந்தவர் யார், அவருடைய தாய் எந்தக் குலம் என்று பெயர் சொல்லிக் கேட்டார். ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டார். விதியை அவ்விவரங்களிலிருந்து தாமே கண்டார்.

இனி நம் பள்ளிக்கு வருவோம். ‘தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் படிப்பில் பின்தங்குகிறார்கள்?’ என்று கருத்தரங்குகளில் கேட்கப்படுகிறது. இவ்வினா கூர்ங்கண் பற்றிய பழைய எண்ணத்தைப் போன்றது. மெய்ப்பிக்க வேண்டியதை முன்னரே மெய்யெனக் கொண்டுவிடுகிறது. எந்தப் பிள்ளை, எந்தப் பாடத்தில், எந்த ஆண்டிலிருந்து என்று முதலில் கேட்கவேண்டும். அதன்பின் வினா மூன்றாகப் பிரியும். பள்ளி விடுமுறைக்குப்பின் அவன் எதை மறக்கிறான்? இஃது உளவியல். பெற்றோர் வேலை தேடித் தோட்டம் மாறியபோது எத்தனை பள்ளிகள் மாறினான்? இது சமூகவியல். அவன் படிப்பைப் பற்றி வீட்டில் முடிவு செய்பவர் தகப்பனா, பாட்டியா, தாய்மாமனா? இது மானிடவியல். பண்டார் தெங்காராவைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களில் இம்மூன்றையும் கேட்க ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும்.

ரிவர்ஸ் தோடர் மொழி அறியாதவர். மொழிபெயர்ப்பாளர் துணையோடு ஆராய்ந்தவர். 1930-களில் எமனோ என்னும் மொழியறிஞர் அம்மொழியையே கற்றார். 1971-இல் தோடர் பாடல்களைப் பெருந்தொகுதியாக வெளியிட்டார். மொழி தெரிந்தவருக்குத் திறக்கும் கதவுகள் வேறு. தோட்டத்துத் தாயிடம் அவள் தமிழிலேயே பேசும் ஆசிரியருக்கு அந்த வாய்ப்பு ஏற்கெனவே உண்டு. வெளியிலிருந்து வருவோர் எழுதும் அறிக்கைக்குக் காத்திராமல், நம் பிள்ளைகளைப் பற்றிய வினாக்களை நாமே அமைக்கத் தொடங்குவோமாக.