சிறுநீர்ப்பைக் கட்டி: அறுவைச் சிகிச்சை வளர்ந்த கதை



நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட ஆண்டு 1877. அதே ஆண்டில், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மேக்ஸ் நிட்சே என்னும் மருத்துவர் ஒரு குழாய்க் கருவியைக் காட்டினார். சிறுநீர் வரும் வழியாகவே உள்ளே செலுத்தி, சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் கண்ணால் காண உதவும் கருவி அது. ரப்பருக்கும் இந்தக் கருவிக்கும் என்ன தொடர்பு என்பதைப் பின்னர் கூறுவோம். முதலில், சிறுநீர்ப்பையில் வளரும் கட்டியை அகற்றும் முறைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பழைய முறை அடிவயிற்றைத் திறப்பது. 1874-இல் வியன்னாவில் பில்ரோத் என்னும் மருத்துவர் இவ்வாறு கட்டியை எடுத்தார். 1887-இல் ஜெர்மனியின் பார்டன்ஹாயர் சிறுநீர்ப்பை முழுவதையுமே அகற்றினார். ஆனால் சிறுநீர் வெளியேற வேறு வழி அமைக்கப்படாததால், நோயாளி இரண்டு வாரங்களில் இறந்தார். 1950-இல் அமெரிக்காவின் பிரிக்கர், சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து அந்த வழியை அமைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். கட்டி தசைக்குள் வேரோடிவிட்டால், இன்றும் பெரும்பாலும் இத்தகைய பெரிய அறுவைதான் தேவைப்படுகிறது.

இரண்டாவது முறையில் வயிற்றைக் கிழிப்பதில்லை. 1910-இல் நியூயார்க்கில் எட்வின் பீர், நிட்சே வகைக் கருவியின் வழியே மின்கம்பியைச் செலுத்திக் கட்டியைச் சுட்டு அழித்தார். வலியும் ஆபத்தும் குறைந்தன. எனினும், சுட்டுக் கரித்த கட்டியை நுண்ணோக்கியில் வைத்து நன்கு ஆராய முடியாது. 1926-இல் ஸ்டெர்ன் என்பவர் மின்சாரம் பாயும் கம்பி வளையத்தைக் கொண்டுவந்தார். கட்டியை அது துண்டு துண்டாகச் சீவி எடுக்கும். பட்டையைச் சீவும்போது மரத்தில் காயம் படாமல் பார்த்துக்கொள்வது நமக்குத் தெரிந்த வேலைதானே? மருத்துவரும் அப்படியே பையின் சுவரில் ஓட்டை விழாமல் சீவ வேண்டும். இன்றும் பரவலாகக் கையாளப்படுவது இம்முறையே.

மூன்றாவது, லேசர் ஒளியால் கட்டியை அடியோடு ஒரே துண்டாகப் பெயர்த்தெடுப்பது. கம்பி வளையத்தின் மின்சாரம் சில வேளைகளில் தொடை நரம்பைத் தூண்டிக் காலை உதறச் செய்யும். அந்த அசைவில் பை கிழியக்கூடும். லேசரில் அந்த அச்சம் மிகக் குறைவு. ஒரே துண்டாகக் கிடைப்பதால் நோய் எவ்வளவு ஆழம் சென்றது என்பதும் தெளிவாகத் தெரியும். ஆனால் மிகப் பெரிய கட்டிக்கு இது எளிதில் பொருந்தாது. எம்முறையில் எடுத்தாலும் கட்டி மீண்டும் முளைக்கக்கூடும் என்பதால், தொடர்ந்து பரிசோதனைக்குச் செல்வது கட்டாயம்.

இனி ரப்பருக்கு வருவோம். 1895-இல் ரேன் என்னும் ஜெர்மானிய மருத்துவர், சாயத் தொழிலாளரிடையே இக்கட்டி காணப்படுவதை அறிவித்தார். பின்னர் பிரிட்டனின் ரப்பர்த் தொழிற்சாலைகளிலும் இந்நோய் வெளிப்பட்டது. ரப்பர் விரைவில் கெடாதிருக்கச் சேர்த்த மருந்தில் பீட்டா நாப்தைலமைன் என்னும் நஞ்சு கலந்திருந்தது. 1949-இல் அம்மருந்து விலக்கப்பட்டது. ஆலையில் சேர்த்த பொருள் அது. மரத்துப் பாலில் அது கிடையாது. ஆகவே, பால்மரம் சீவியவர்கள் இதை எண்ணி அஞ்ச வேண்டாம். ஆனால் அதே நஞ்சு சிகரெட்டுப் புகையில் இருக்கிறது. இந்நோய்க்கு இன்று முதற்காரணம் புகைப்பழக்கமே.

நேயர்களே, கட்டி மேலாக இருக்கும்போது கண்டால் வயிற்றைத் திறக்காமலே எடுத்துவிடலாம். ஆழம் சென்றபின் கண்டால் பையையே இழக்க நேரிடலாம். சிறுநீரில் இரத்தம் கண்டால், வலி இல்லையென்று விட்டுவிடாதீர்கள். அது கல்லாகவோ கிருமியாகவோகூட இருக்கலாம். ஒருமுறை வந்து நின்றுவிட்டாலும், வெட்கப்பட்டு மறைக்காமல், அருகிலுள்ள கிளினிக்கில் உடனே சொல்லுங்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடமும் இதை எடுத்துக் கூறுவோம்.