காலணாவுக்கு இரண்டு பைசா

சென்ற வாரம் பலம், வீசை என்ற பழைய எடை அளவுகளைப் பார்த்தோம். இந்த வாரம் காசு.

1957 ஏப்ரல் 1 முதல் வேலூர் லாங் பஜாரிலும் நாட்டின் மற்றக் கடைத்தெருக்களிலும் ரூபாய்க்கு 100 நயா பைசா. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. எட்டணா 50, நாலணா 25 என்பதில் சிக்கலே இல்லை. ஓரணாவில்தான் வம்பு: கணக்குப்படி ஆறேகால் பைசா, ஆனால் கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அரை பைசா வரை தள்ளுபடி, அதைத் தாண்டினால் அடுத்த முழுப் பைசா என்று விதி வந்தது. ஆகவே ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19.

காலணாவுக்குக் கொத்தமல்லி வாங்குபவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலணா என்பது ஒன்றரைப் பைசாவுக்குச் சற்றே கூடுதல், விதிப்படி 2. நாலு நாள் தனித்தனியாக வாங்கினால் 8 பைசா. ஓரணாவுக்கு ஒரேயடியாக வாங்கினால் 6. மூட்டைக் கணக்கில் வாங்கும் வியாபாரியின் கண்ணில் இந்த வித்தியாசம் படவே படாது. அன்றாடங்காய்ச்சிக்கு அது உறைக்கும்.

இப்படி இடையில் நிற்கும் அளவை அருகிலுள்ள ஏதாவதொரு படிக்குத் தள்ளுவதற்குத்தான் மின்னணுவியலில் குவாண்டைசேஷன் என்று பெயர். குரலை எண்களாக்கி அனுப்பும் முறையை 1938-ல் வகுத்தவர் பிரிட்டிஷ் பொறியாளர் அலெக் ரீவ்ஸ். பிற்காலத்து டிஜிட்டல் தொலைபேசி குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 256 படிகளில் ஒன்றில் உட்கார வைத்தது. படிகள் சம இடைவெளியில் இருந்தால் மெல்லிய குரல் சிதைந்துபோகும். அதனால் மெல்லிய ஒலிக்கு நெருக்கமான படிகள், உரத்த ஒலிக்கு அகன்ற படிகள். சிறிய அளவுக்கு இந்தக் கரிசனம் நம் நாணய விதியில் இருக்கவில்லை. அதை ஒரு குறையாகவே நான் பார்க்கிறேன்.

லாங் பஜாரை விட்டு மேற்கே ஆம்பூர் போனால், அங்கே தோலையும் இப்படித்தான் அளந்தார்கள். பழைய அளவை இயந்திரத்தில் உருளைக்கு மேலே வரிசையாகச் சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் சிறு ஊசிமுனைகள். தோல் அடியில் நகரும்போது, தோல் இருக்கும் இடத்து முனைகள் மட்டும் உள்ளே அமுங்கும். ஓட்டை வந்தால் அமுங்காது. அமுங்கிய முனைகளையெல்லாம் பல்சக்கரங்கள் கூட்டிக்கொண்டே போக, முகப்பில் முள் நகரும். கால் சதுர அடிக்குக் கீழே கணக்கில்லை. 22 என்று எழுதி, அதன் தோளில் சின்னதாக 3 போட்டால் இருபத்திரண்டே முக்கால் சதுர அடி.

காசிலும் குரலிலும் தோலிலும் படியின் அளவை மனிதர்தாம் முடிவு செய்தார்கள். வேண்டுமானால் இன்னும் பொடியாக்கலாம். 1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் முன்வைத்த கணக்கில் அந்த வசதி இல்லை. சூடான பொருள் வீசும் ஒளியை விளக்க, அதை வீசும் அதிர்விகளின் ஆற்றலை அவர் துண்டுகளாக எண்ணினார். துண்டைப் பூஜ்யம்வரை சுருக்கினால் விடை சோதனையோடு ஒட்டவில்லை. அதிர்வெண்ணைச் சொன்னால் துண்டின் அளவை இயற்கையே சொல்லிவிடுகிறது.

1924-ல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ், ஒளித் துண்டுகளை எண்ணும் முறையையே மாற்றி பிளாங்கின் சூத்திரத்தை வருவித்து, ஒரு கடிதத்தோடு ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார். அந்தக் கடிதத்தின் கதை அடுத்த வாரம்.