ஆற்றங்கரையில் எச்சரிக்காதவன்: தண்டனைச் சட்டத்தில் செய்யாமை

தீய எண்ணம் மட்டும் குற்றமாகாது, அது ஒரு புறச்செய்கையாக வெளிப்பட வேண்டும் என்பது ஆங்கிலேயக் குற்றவியல் மரபின் அடிப்படையாக இருந்ததால், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு அதனால் பிறர் உயிரிழக்கும்போது அந்தச் செய்யாமையைச் செய்கையாகக் கொள்ளலாமா என்ற கேள்வி சட்டம் வகுப்போரை விடாது தொடர்ந்தது. 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின் வழி அமைந்த இந்தியச் சட்ட ஆணையம், மெக்காலேயின் தலைமையில் 1837-இல் அளித்த தண்டனைச் சட்ட நகலில் இதை நேரடியாகவே எடுத்துக்கொண்டது.

நகலுடன் இணைத்த விளக்கக் குறிப்பின் உதாரணங்களில் இந்த நாட்டின் வாடை உண்டு. ஆற்றில் வெள்ளம் பெருகியிருப்பதை அறிந்த ஒருவன், இறங்கிக் கடக்க முற்படும் வழிப்போக்கனைச் சாகட்டும் என்றே தடுக்காமல் விடுகிறான். பயணிகளை எச்சரிப்பதற்கென்று அரசு நிறுத்திய ஆளாகவோ, கூலி பேசி அழைத்துவந்த வழிகாட்டியாகவோ அவன் இருந்தால் அது கொலை, மனிதாபிமானத்தைத் தவிர வேறு கடப்பாடு இல்லாதவனாக இருந்தால் கொலையன்று. காலடியில் பசியால் சாகும் பிச்சைக்காரனுக்குச் செல்வன் சில காசு தராதது கொலையென்றால், உழைத்துப் பெற்ற சோற்றைப் பங்கிடாத ஏழையும் கொலையாளிதானா, கோட்டை எங்கே கிழிப்பது என்று குறிப்பு கேட்கிறது. அத்தகைய செல்வன் கடுந்தண்டனை பெறும் பலரைவிடத் தீயவனாக இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டே அவனை விட்டுவிடுகிறது.

தர்க்கம் பிசகற்றது. ஆயினும் அதே 1837-இல் மழை பொய்த்து ஆக்ரா வட்டாரம் கடும் பஞ்சத்தில் விழுந்ததை நினைத்தால், அந்தப் பிச்சைக்காரன் வெறும் ஏட்டு உருவமாகத் தோன்றுவதில்லை. சட்டக் கடமை இருந்தால்தான் குற்றம் என்ற விதி, சோறளிக்கும் கடமை எதையும் அப்போது சட்டத்தில் ஏற்றிராத ஆட்சிக்கும் வசதியாகவே இருந்தது. பஞ்ச நிவாரண விதித்தொகுப்புகள் 1880-களில்தான் உருவாயின.

1860-இல் நிறைவேறி 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, செய்கையைக் குறிக்கும் சொற்கள் சட்டவிரோதமான செய்யாமையையும் குறிக்கும் என்று ஒரே வாக்கியத்தில் முடித்தது. சட்டவிரோதம் என்பதற்கு 43-ஆம் பிரிவு தந்த பொருளோ விரிவானது; குற்றமானதும் சட்டம் தடுத்ததும் மட்டுமன்றி, உரிமையியல் வழக்குக்கு இடம் தருவதும் அதில் அடங்கியதால், கூலிக்கு ஒப்புக்கொண்ட வழிகாட்டிக்கும் தப்ப வழியில்லை. மனைவியைப் பட்டினி போட்டு உருக்குலையச் செய்த கணவன் கொலை முயற்சிக் குற்றவாளியே என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் தீர்ப்பளித்தது.

இந்த விதியின் வீச்சு பெருகியது வேறு சட்டங்கள் புதிய கடமைகளைச் சுமத்தியதால்தான். விபத்தில் காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்யும் பொறுப்பை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநர் மீது வைக்கிறது, சாலையோரம் நின்று பார்ப்பவர் மீது வைக்கவில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தமும் அவரைக் கட்டாயப்படுத்தாமல், தாமாக முன்வந்து உதவுவோருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு அளித்ததோடு நின்றுகொண்டது.