கொம்யூன்

புதுச்சேரியின் வில்லியனூர்க்காரர் ஒருவர் 'கொம்யூனுக்குப் போய்ட்டு வரேன்' என்றால், வீட்டு வரி கட்டவோ பிறப்புச் சான்றிதழ் வாங்கவோ கிளம்பிவிட்டார் என்று பொருள். ஆங்கிலம் படித்த வெளியூர்க்காரருக்கோ அந்தச் சொல்லைக் கேட்டதும் வேறொன்று தோன்றும்: சொத்தைப் பொதுவில் வைத்து, ஒரே அடுப்பில் சமைத்து, ஒன்றாக வாழும் கூட்டம்.

லத்தீனில் 'பொது' என்ற கருத்திலிருந்து கிளைத்த இந்தச் சொல், இடைக்கால ஐரோப்பாவில் தன்னாட்சி உரிமை பெற்ற நகரத்தாரின் அமைப்பைக் குறித்தது. பிரெஞ்சுப் புரட்சி அதை நாடு முழுவதற்கும் விரித்தது. 1789 டிசம்பரில் வந்த சட்டத்துக்குப் பின், பட்டணமோ குக்கிராமமோ, ஒவ்வொரு ஊரும் ஒரு கொம்யூன். 1871-இல் பாரிஸ் மக்கள் தங்கள் நகரைக் கைப்பற்றி சுமார் இரண்டு மாதம் ஆண்டபோது சொல்லுக்குச் சிவப்பு நிறம் ஏறியது. 1958-இல் சீனா தன் கூட்டுப் பண்ணைகளுக்கும், அடுத்த பத்தாண்டில் அமெரிக்க ஹிப்பிகள் தங்கள் குடியிருப்புகளுக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் இன்று முன்னால் நிற்பது இந்தக் கடைசிப் பொருள்தான். 1968-இல் தொடங்கிய ஆரோவில்லைப் பத்திரிகைகள் கொம்யூன் என்று எழுதுவது இந்த வழக்கில்தான்.

புதுச்சேரிக்குள் சொல் வந்த வழி நிர்வாக வழி. பாரிஸ் கொம்யூனை ரத்தத்தில் அடக்கிய அதே பிரெஞ்சுக் குடியரசு, 1880 மார்ச் 12 ஆணையால் தன் இந்தியப் பகுதிகளில் கொம்யூன்களை ஏற்படுத்தியது. பிற்பாடு அவற்றின் எண்ணிக்கை 17 ஆனது. காரைக்கால் பகுதியின் திருமலைராயன்பட்டினம் பிரெஞ்சு ஏடுகளில் 'கிராந்த் அல்தே', அதாவது பேரூர், என்ற பெயரோடு கொம்யூனாக இருந்தது. கொம்யூனின் தலைவர் 'மேர்', அவருடைய அலுவலகம் 'மெரி'. புதுச்சேரிக் கடற்கரையில் இருந்த 19-ஆம் நூற்றாண்டு நகராட்சிக் கட்டடத்துக்கும் அதுவே பெயர். உள்ளூர் நாக்கில் அது 'மேரி' ஆகிவிட்டதால், மாதா கோயில் என்று நினைத்துத் தேடுகிறவர்களும் உண்டு. 2014 நவம்பரில் இடிந்து விழுந்த அந்தக் கட்டடம் பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது.

வரி வசூலுக்கும் தெரு விளக்குக்கும் பிறந்த இந்த அமைப்புதான் பிரெஞ்சு ஆட்சியின் முடிவுக்கு வழி செய்தது. இந்தியாவோடு இணைவதா என்ற பொது வாக்கெடுப்பை எப்போது, எப்படி நடத்துவது என்பதை கொம்யூன் மன்றங்களே முடிவு செய்யட்டும் என்று 1948-இல் பிரான்சும் இந்தியாவும் ஒத்துக்கொண்டன. அந்த வாக்கெடுப்பு வங்காளத்திலிருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் மட்டுமே நடந்தது. 1954 மார்ச்சில் அதுவரை பிரெஞ்சு ஆதரவுத் தலைவராக இருந்த எதுவார் குபேர் இந்தியப் பக்கம் மாறியதும், புதுச்சேரிப் பகுதியின் கொம்யூன் மன்றங்கள் வாக்கெடுப்பே வேண்டாம், இந்தியாவோடு இணைப்பு போதும் என்று தீர்மானம் போடத் தொடங்கின. அம்மாத இறுதியில் நெட்டப்பாக்கம் இணைப்பு ஆதரவாளர்கள் கைக்கு வந்தது. அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடியவர்கள் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் கொம்யூன் மன்ற உறுப்பினர்களும், மொத்தம் 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் சொல் போகவில்லை. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் கிராமப் பஞ்சாயத்துக்கும் அரசுக்கும் இடையிலான அடுக்குக்கு 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று பெயர் வைத்தது. தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியம் இருக்கும் இடத்தில் இங்கே கொம்யூன். அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் ஆகியவை புதுச்சேரியில். கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம் காரைக்காலில்.

மன்றங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலை மட்டும் தடுமாறியது. 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது வென்றவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவித்த தேர்தல் நீதிமன்ற வழக்கால் நின்றுபோக, கொம்யூன் அலுவலகங்களை நடத்தும் பொறுப்பு ஆணையர்களிடமே தொடர்ந்தது.