தமிழ்நாட்டில் தோல் பதனிடுதலும் சூழலுக்கு உகந்த பொருள் வடிவமைப்பும்

சூழலுக்கு உகந்த பொருள் வடிவமைப்பு என்பது, ஒரு பொருளின் மூலப்பொருள், தயாரிப்பு முறை, பயன்பாடு, கழிவு ஆகியவற்றால் மண்ணுக்கும் நீருக்கும் ஏற்படும் கேட்டை வடிவமைக்கும்போதே குறைப்பதாகும். இதன் தேவையைத் தமிழ்நாட்டுத் தோல் தொழிலின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஆவாரம்பட்டைக் காலம்

பாப்பாரப்பட்டி உள்ளிட்ட தருமபுரி மாவட்டத்தைப் போன்ற வறண்ட நிலங்களில் ஆவாரை தானாகவே வளரும். அதன் பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் பச்சைத்தோலை அழுகாமல் காக்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடப்பட்ட தென்னிந்தியத் தோல், 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் பெயரில் ஐரோப்பியச் சந்தையில் விற்கப்பட்டது. இதற்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் இம்முறையும் கழிவற்றதன்று. வேலை முடியப் பல வாரங்கள் ஆகும்.

குரோமிய முறை

1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் குரோமிய முறைக்குக் காப்புரிமை பெற்றார். இம்முறையில் பதனிடும் கட்டம் ஓரிரு நாளில் முடிந்தது. தோலும் மென்மையாக அமைந்தது. 1972-இல் சீதாராமையா குழு, அரைப்பதத் தோலுக்குப் பதிலாக முழுமையாகத் தயாரித்த தோலை ஏற்றுமதி செய்யப் பரிந்துரைத்தது. அதன்பின் தமிழகத்தில் குரோமிய முறை பெருகியது. ஆனால் தோல் ஏற்காத குரோமியம் கழிவுநீரில் கலந்தது.

வேலூர் வழக்கு

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைத் தயாரிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், ஏறக்குறைய 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததையும் அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்றும் அது அறிவித்தது. பாலாற்றுப் படுகை உழவர்களின் இழப்பு இன்னும் தீரவில்லை. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதுகுறித்து ஆணை பிறப்பித்தது.

வடிவமைப்பில் மாற்றம்

வாங்கும் நாடுகளின் விதிகளும் மாற்றத்தைத் தூண்டின. ஜெர்மனி 1994-இல் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சில அசோ சாயங்களைத் தடைசெய்தது. இந்தியாவும் 1997-இல் அவ்வகைச் சாயங்களுக்குத் தடை விதித்தது. 2015 மே முதல், உடலில் படும் தோல் பொருள்களில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. சென்னையில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், நீரில்லாக் குரோமியப் பதனிடுதல் போன்ற முறைகளை உருவாக்கியுள்ளது.

கழிவு வெளியேறிய பின் அதைச் சுத்திகரிப்பது செலவு மிக்கது; முழுப் பயனும் தராது. கழிவு உண்டாகாத முறையை முதலிலேயே தேர்ந்தெடுப்பது தொழிலுக்கும் நல்லது, கிணற்று நீரை நம்பி வாழும் உழவருக்கும் நல்லது.